தோட்டத்துக் காற்று

அத்தியாயம் பதினொன்று

அழகுமலைக்குப் பொய் சொல்ல வராது. திராட்சை வியாபாரி தோட்டத்துக்கு வந்து, "வேற யாராச்சும் விலை கேட்டாகளா?" என்று கேட்டால், யாருமே எட்டிப் பார்க்காத வருஷத்திலும் "ஆமா, கேட்டாக" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் தலையைச் சொறிகிற மனுஷர். அப்பேர்ப்பட்டவர் போன வாரம் போனில் ஒரு பொய்யைத் தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தார். மகளுக்காகச் சொன்னது என்பதால் நாக்கு குழறவில்லை.

அந்த நினைப்போடுதான் அன்று காலை திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நடந்துகொண்டிருந்தார். வெட்டு நாள். பெண்கள் கத்தரியால் கொத்துக்களை நறுக்கிப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கேரளாவுக்குப் போகிற வண்டி மத்தியானம் வந்துவிடும். காய்ப்பு இந்தத் தடவை மோசமில்லை. மற்ற வருஷமாக இருந்தால் வெட்டு நாளில் அவரைக் கையில் பிடிக்க முடியாது. இப்போதோ, அவர் கை அடிக்கடி இடுப்புக்குப் போய், பூச்சிமருந்து ரூம் சாவி அங்கேயே இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.

மகள் விஜி விமானப் பணிப்பெண். கொச்சியில் தங்கி வேலை பார்க்கிறவள். இரண்டு வாரம் முன்பு லீவுக்கு வந்தவளிடம் ஜெயமங்கலத்து வரனைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். பேச்சு வளர்ந்து, "இனி உன்னைத் தலைமுழுகிட்டேன்னு நினைச்சுக்க" என்று அழகுமலை வாயை விட்டார். அழுதுகொண்டேதான் விஜி பஸ் ஏறினாள். வேலைக்குப் போன சூட்டோடு சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஓயாத தலைவலி, இருமல், வாந்தி. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே சாதாரண வார்த்தை மறந்துபோய் விழித்தாள்.

"பிளேன்ல ஒரு கெட்ட நாத்தம்ப்பா. அதை மோந்ததுலருந்துதான் இப்படி இருக்கு" என்றாள்.

"சரித்தா" என்று தலையாட்டினார் அழகுமலை. நம்பவில்லை. ஏ.சி. ஓடுகிற, சென்ட் பூசியவர்கள் ஏறி இறங்குகிற இடத்தில் அப்படி என்ன நாற்றம் வந்துவிடப்போகிறது?

கம்பத்து டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு விஜியை வெளியே உட்காரச் சொன்னார். "பூச்சிமருந்து உடம்புல சேந்தா வர்ற மாதிரி லேசாத் தெரியுது. உறுதியாச் சொல்ல முடியாது. வீட்ல மருந்தெல்லாம் எங்க வைக்கிறீங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கல்யாண வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோரிடம் டாக்டர் குரலைத் தாழ்த்தினால் என்ன அர்த்தம் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த கையோடு மருந்து ரூமைத் திறந்தால் ஒரு பாட்டிலின் மூடி கழன்று கிடந்தது. மருந்தும் குறைந்திருந்தது. கடைசியாக அதைத் திறந்தது தாம்தான் என்பது அவர் நினைவுக்கே வரவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பற்றித் தங்களுக்குள்கூட வாய்விட்டுப் பேசவில்லை. அவர் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். மனைவி பாண்டியம்மாள், மகள் படுத்திருந்த அறை வாசலில் குறுக்கே பாயை விரித்தாள். மகளிடம் மட்டும் எதையும் கேட்கக் கூடாது, கேட்டால் மறுபடி மருந்தைக் குடிக்கிற நினைப்பு வந்துவிடும் என்று இருவருமே நம்பினார்கள்.

விஜியோ பரிசோதனை முடிவைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்திருந்தாள். அங்கிருந்து ஒருவர் அழகுமலையைப் போனில் கூப்பிட்டு, லீவில் இருந்தபோது உங்கள் மகள் பூச்சிமருந்து பக்கம் போனாரா என்று பக்குவமாகக் கேட்டார். மோப்பம் பிடித்துவிட்டார்கள், வேலை போய்விடும், போலீஸ் கேஸாகும், பெண்ணின் பேர் நாறிவிடும் என்று அழகுமலை பயந்தார். "ஆமா சார். திராட்சைக்கு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தோம். காத்து திரும்பி இவ மேல அடிச்சிருச்சு. எதார்த்தமா நடந்துபோச்சு" என்றார். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக நன்றி சொன்னார். தம்மிடம் இத்தனை மரியாதையாக யாரும் நன்றி சொன்னதில்லையே என்றுகூட அழகுமலை நினைத்துக்கொண்டார்.

"ஏங்க" என்று பந்தலுக்கு வெளியே நின்று பாண்டியம்மாள் கூப்பிட்டாள். "விஜிகூட வேலை பாக்குற பொண்ணு வந்திருக்கு. போடிக்காரப் பொண்ணாம். உங்களைப் பாக்கணுமாம்."

வந்தவள் பெயர் ஏஞ்சல். அவள் அப்பாவுக்குப் போடி பஜாரில் ஏலக்காய்க் கடை. இரண்டு பெண்களும் ஒரே பள்ளத்தாக்கு என்பதால் கொச்சியில் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். அழகுமலை கைகாலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது அவள் விஜியின் கட்டிலிலேயே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடும்மா. ஊரு தண்ணி மாறுனதுல இருமலா?"

"இல்ல அங்கிள். இவளுக்கு வந்ததுதான். எனக்குக் கம்மி."

அழகுமலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீயும் அந்தப் பிளேன்ல இருந்தியா?"

"பின்பக்கம் நான், முன்பக்கம் இவ. மேல ஏறும்போதே நாத்தம் வந்துருச்சு. ஈரச் சாக்ஸைக் கழட்டிப் பூட்டி வச்ச மாதிரி. கொஞ்ச நேரத்துல லேசாப் புகை வேற."

"பிளேனுக்குள்ள எப்படிம்மா வரும்?"

"பெரும்பாலான பிளேன்ல உள்ள நாம மூச்சு விடுற காத்து இன்ஜின் வழியாத்தான் வருது அங்கிள். அங்கன ஆயிலை அடைச்சு வச்சிருக்குற சீல் எதாவது தேஞ்சு கசிஞ்சா, சூட்டுல ஆவியாகிக் காத்தோட காத்தா உள்ள வந்துரும். ஆயில்ல கலக்குற சாமான் ஒண்ணு இருக்கு. நீங்க தோட்டத்துக்கு அடிக்கிறீகளே, அந்த மருந்து வகையில சிலதுக்குச் சொந்தக்கார ஜாதி. எவ்வளவு மோந்தா எவ்வளவு கெடுதல்னு பெரிய டாக்டருகளே இன்னும் அடிச்சுக்கிறாக."

கம்பத்து டாக்டர் சொன்னது அழகுமலையின் காதில் திரும்பக் கேட்டது.

"கேப்டன் ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுத் திருப்பி இறக்கிட்டாரு" என்று தொடர்ந்தாள் ஏஞ்சல். "எங்களுக்கும் மாஸ்க்கோட சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. ஜனங்க முன்னாடி நாங்க அதைப் போட்டா பயந்துபோவாகன்னு யாரும் எடுக்கல. இவ ஈரத் துணியை எல்லாருக்கும் குடுத்து மூக்கைப் பொத்திக்கச் சொல்லிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருந்தா. கைப்பிள்ளையோட ஒரு அம்மா மயங்குற மாதிரி இருந்தாக. பிள்ளையை இவ வாங்கிக்கிட்டா. நடக்க நடக்க மூச்சு வாங்கும்ல? அதான் எங்க எல்லாரையும்விட இவளுக்கு அதிகமா உள்ள போயிருச்சு."

"அந்தப் பிள்ளை எப்படி இருக்காம்?" என்றாள் விஜி.

"தெரியலடி. ஜனங்க யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல. வேற பிளேன்ல ஏத்தி அனுப்பிட்டாக."

பாண்டியம்மாள் மகளின் தலையைத் தடவினாள். அழகுமலை இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். ஊரார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விஷக் காற்றில் நடந்தவளை, மருந்து குடித்தவள் என்று நினைத்து இத்தனை நாள் வேவு பார்த்திருக்கிறோம். அதை இவளுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம், சாவியை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு நிமிஷம் அவருக்கு ஆசையாகக்கூட இருந்தது.

ஆனால் ஏஞ்சல் வந்த விஷயமே இனிமேல்தான் இருந்தது.

"நாங்க எல்லாரும் சேந்து கேட்டோம், பிளேனை நிறுத்தி இன்ஜினைப் பிரிச்சுப் பாருங்கன்னு. நிறுத்தித்தான் வச்சிருந்தாக. நேத்து கூப்பிட்டு, பிளேன்ல கோளாறு ஒண்ணும் இல்ல, விஜிக்கு ஊருல அடிச்ச மருந்து பட்டுருச்சு, அவ அப்பாவே சொல்லிட்டாருன்னு சொல்றாக. மத்தவங்களுக்கு வந்ததெல்லாம் பயத்துல வந்த தலைவலியாம். நாளைக்குக் காலையில அது ஜனங்களை ஏத்திக்கிட்டுக் கிளம்புது. எனக்கு அதுலதான் டூட்டி போட்டிருக்காக."

விஜி சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"எங்கப்பாவா? கம்பெனிக்காரங்க கதை கட்டி விடுறாங்கடி. நான் லீவுல வந்தப்ப தோட்டத்துப் பக்கமே போகல. எங்கப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அழகுமலை தரையைப் பார்த்தார். பாண்டியம்மாள் அவரைப் பார்த்தாள்.

"சொன்னேன்த்தா" என்றார்.

"என்ன சொன்னீக?"

"மருந்து அடிக்கும்போது காத்துல உன் மேல பட்டுருச்சுன்னு. போன்ல கேட்டாக. சொன்னேன்."

"ஏன்ப்பா?"

பாண்டியம்மாள்தான் அழுகையும் பேச்சுமாகச் சொன்னாள். "நீ எதையாச்சும் குடிச்சிட்டு வந்துட்டியோன்னு பயந்துட்டோம் தாயி. அப்பா வேற அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாரா. டாக்டரும் மருந்துன்னாரா. வெளிய தெரிஞ்சா உன் வேலை போயிருமேன்னுதான்."

விஜி அம்மாவின் முகத்தையும் அப்பாவின் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக அவளுக்குப் புரிந்துகொண்டு வந்தது வெளியே தெரிந்தது.

"அதனாலதான் என் ரூம் வாசல்ல படுத்தியாம்மா? நான் ராத்திரி விழுந்துருவேன்னு நீ பாத்துக்கிறதாத்தான் நினைச்சேன்."

பாண்டியம்மாள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"வீரபாண்டிக் கோயிலுக்குக் காசு முடிஞ்சு வச்சது?"

"உன்னைக் காப்பாத்திக் குடுத்தா தீச்சட்டி எடுக்கறேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"தலைவலிக்குன்னு சொன்ன."

பாண்டியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீரபாண்டிக் கௌமாரியம்மனிடம் உண்மையைச் சொன்னவள், பெற்ற மகளிடம் சொல்லவில்லை.

"அங்கிள்" என்றாள் ஏஞ்சல் மெதுவாக. "நீங்க திருத்திச் சொன்னா ஒருவேளை நிறுத்துவாக. இன்னைக்குள்ள சொல்லணும்."

வீட்டுக்குள் போனுக்கு டவர் கிடைக்காது. முற்றத்துக்குத்தான் வர வேண்டும். அங்கே வெட்டு முடிந்த பெண்கள் டீக்காக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அழகுமலை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். விஜி ஏஞ்சலைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆளுக எல்லாம் இருக்காகத்தா" என்றார் மகளிடம். "இங்கன பேசுனா சாயங்காலத்துக்குள்ள ராயப்பன்பட்டி வரைக்கும் போயிரும். இல்லாததையும் சேத்துப் பேசுவாக. நாளைக்கு உனக்கு ஒரு நல்லது நடக்கணும்ல?"

"நாளைக்கு அந்தப் பிளேன்ல இவ ஏறணும்ப்பா. ஜனங்க ஏறணும். சொல்லுங்க."

அழகுமலை முற்றத்தில் இறங்கி, முன்பு பேசிய அதே கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, விஜிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டுச் சொன்னார். எதிர்முனையில் இரைச்சல். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத்தில் மருந்து பட்டது என்று தாம் சொன்னது பொய், மகள் மருந்து குடித்துவிட்டாள் என்று தாமாக நினைத்துக்கொண்டு அதை மறைக்கச் சொன்னது, அவள் குடிக்கவும் இல்லை, தோட்டத்துக்குப் போகவும் இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்கள்.

"அன்னைக்குத் தெளிவாச் சொன்னீங்களே ஐயா" என்றார் அந்த மனிதர். குரலில் மரியாதை குறையவில்லை. "இன்னைக்கு யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல சார். தப்பு எம்மேல. அதான் சொல்றேன்."

"சரி. உங்க மகள் அப்படிச் செஞ்சிருப்பாங்கன்னு நீங்க நினைச்சிருக்கீங்க. நினைக்கிறதுக்குக் காரணம் ஏதாவது இருந்திருக்கணுமே. என்ன காரணம் ஐயா?"

அழகுமலை ஏஞ்சலைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். ஆனால் உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்ட மனுஷருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பொய் சொல்லிப் பழகாதவர்களுக்கு உண்மையை அளந்து பேசவும் வராது.

"காரணம் நான்தான் சார். கல்யாணப் பேச்சுல ஒரு சண்டை. கோவத்துல நான் ஒரு வார்த்தை விட்டுட்டேன். அவ அழுதுக்கிட்டே போனா. அந்தப் பயத்துல எனக்கு அப்படித் தோணிருச்சு. அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

"அதாவது, டூட்டிக்கு வரும்போதே மனக்கஷ்டத்தோடதான் வந்திருக்காங்க. அழுதுக்கிட்டு." எதிர்முனையில் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசுகிற சத்தம் கேட்டது. "குறிச்சுக்கிறேன் ஐயா. ரொம்ப நன்றி."

போன் அணைந்துவிட்டது. அந்த நன்றி இந்தத் தடவை அழகுமலைக்குப் புரிந்தது. மருந்துக் காற்று போய், மனக்கஷ்டம் வந்துவிட்டது. விமானத்தில் கோளாறு இல்லை என்பதற்கு முதலில் ஒரு சாட்சி கொடுத்திருந்தார். இப்போது இன்னொன்றையும் கொடுத்துவிட்டார். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"விடுங்கப்பா" என்றாள் விஜி. தள்ளாடித் தள்ளாடி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏஞ்சல், குமுளி வழியாக் கொச்சிக்கு அடுத்த பஸ்ஸு எப்ப?"

"உன்னால முடியுமாடி?"

"அங்கன போய் நேர்ல நிக்கிறேன். என் கை நடுங்குறதை அவங்க பாக்கட்டும். மனக்கஷ்டத்துல புகை வருமான்னு கேக்குறேன். எத்தனை பேரு இருமுனாகன்னு கேக்குறேன்."

"நானும் வர்றேன்த்தா" என்றார் அழகுமலை. "வண்டி வந்தா வரட்டும், திராட்சை கிடந்தா கிடக்கட்டும். நேர்ல வந்து அவுக காலுல விழுந்தாவது சொல்றேன்."

"வேணாம்ப்பா." கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "எனக்காக ரெண்டு தடவை பேசிட்டீக. இனி நான் பேசிக்கிறேன்."

பாண்டியம்மாள் ஒரு பையில் மாற்றுச் சேலையும் மகளின் மாத்திரைகளும் எடுத்து வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தோட்டத்து வண்டிப்பாதையில் நால்வரும் நடந்தார்கள். விஜி ஏஞ்சலின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழகுமலை பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனார். டீ குடித்த பெண்கள் அதுவரை அடக்கி வைத்திருந்ததைப் பேச ஆரம்பித்திருப்பது முதுகுக்குப் பின்னால் கேட்டது. திராட்சை ஏற்ற வந்த வண்டி எதிரே வர, ஓட்டுநர் ஹாரன் அடித்து, "அண்ணே, பெட்டி ரெடியா?" என்று கேட்டார். அழகுமலை கையைத் தோட்டத்துப் பக்கம் காட்டிவிட்டு நடந்தார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஏஞ்சலின் போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "கேப்டன்" என்றாள் விஜியிடம். "இத்தனை நாளா எடுக்கவே இல்லையே." காதில் வைத்துக்கொண்டு நாலு எட்டு தள்ளிப் போனாள். அவள் பேசியதில் அழகுமலைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டது. "அந்தக் கைப்பிள்ளையா? எந்த ஆஸ்பத்திரி சார்?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏஞ்சல் ஏறினாள். பாண்டியம்மாள் ஏறி மகளுக்குக் கை நீட்டினாள். விஜி படியில் ஒரு காலை வைத்துவிட்டு, திரும்பி அப்பாவிடமிருந்து பையை வாங்கினாள்.

"நாத்தம் வந்துச்சுன்னு சொன்னேன். சரித்தான்னு தலையாட்டுனீக. நீங்க நம்பாதது எனக்குப் பெருசு இல்லப்பா" என்றாள். வார்த்தைகள் அவளுக்கு மெதுவாகத்தான் வந்தன. "நான் சாகத் துணிஞ்சேன்னு நம்பியிருக்கீக. நம்பிட்டு இத்தனை நாளு ஒரே வீட்ல இருந்திருக்கீக. 'ஏந்தாயி, உனக்கு என்ன கஷ்டம்'னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையாப்பா?"

நடத்துநர் விசில் கொடுத்தார். பாண்டியம்மாள் மகளை உள்ளே இழுத்துக்கொண்டாள். பஸ் கிளம்பிக் குமுளிப் பக்கம் திரும்பியது.